கோடநாட்டில் எடுத்த பனோரமா உடைந்தும் வளைந்தும் வருகிறது: எங்கே தவறினேன்?

மலைவிளிம்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் கேமரா பிடிக்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. ஏ.பி.எஸ்.-சி என்ற நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமரா, அதன் பெட்டியிலேயே வந்த 18–55 மி.மீ. லென்ஸ், எடை குறைந்த ஒரு டிரைபாட், இவ்வளவே என்னிடம் உள்ளவை. கடந்த டிசம்பர் இறுதியில் குடும்பத்துடன் கோத்தகிரிக்குச் சென்றபோது, ஒரு நாள் காலையில் கோடநாடு காட்சிமுனைக்குப் போயிருந்தோம். கீழே பள்ளத்தாக்கில் மாயாறு, அதன் கரையில் தெங்குமரஹாடா கிராமம், தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கம், வலப்புறத்தில் ரங்கசாமி சிகரம் என்று விரிந்து கிடந்ததைக் கண்டதும், இவை அத்தனையும் ஒரே படத்தில் அடங்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

டிரைபாடை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால் கையில் பிடித்தே எடுத்தேன். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, லென்ஸை 18 மி.மீ.-இல் வைத்து, எல்லாவற்றையும் கேமராவின் தானியங்கி முறைக்கே விட்டுவிட்டு, இடமிருந்து வலமாக ஆறு படங்கள் எடுத்தேன். வானம் நல்ல நீலமாக வரட்டும் என்று லென்ஸின் முன்னால் போலரைசர் வடிகட்டியும் மாட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து அவற்றைக் கணினியில் இணைத்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. முதலாவது, வானத்தில் புடவைக் கரை போல வெளுப்பும் கருப்புமாகப் பட்டைகள் விழுந்திருந்தன. இரண்டாவது, நேராக இருக்க வேண்டிய அடிவானம் வானவில்லைப் போல வளைந்து, இரு முனைகளும் கீழே தொங்கின. மூன்றாவது, எனக்கு முன்னால் ஓரிரு அடி தொலைவில் இருந்த தடுப்புக் கம்பி, ஒவ்வொரு படம் சேரும் இடத்திலும் முறிந்து விலகி நின்றது. அதே இடங்களில் தொலைவில் உள்ள மலைகளோ எந்தக் குறையுமின்றிச் சேர்ந்திருந்தன.

கடைக்காரர் ஒருவரிடம் கேட்டபோது, டிரைபாடின் மேல் மாட்ட இதற்கென்றே விற்கப்படும் பனோரமா ஹெட்டும் இன்னும் அகலமான லென்ஸும் இல்லாமல் நல்ல பனோரமா எடுக்கவே முடியாது என்றார். இரண்டையும் சேர்த்தால் என் கேமராவின் விலையையே தாண்டிவிடும் போலிருக்கிறது. உண்மையிலேயே அவை தேவைதானா, அல்லது எடுத்த முறையில்தான் கோளாறா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். வரும் பொங்கல் விடுமுறையில் மீண்டும் அங்கே போகும் எண்ணம் உண்டு.


முக்காலி (பதில்):

வணக்கம். நீங்கள் குறைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருப்பதால், படங்களைப் பார்க்காமலேயே காரணங்களைச் சொல்லிவிட முடிகிறது. எதையும் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் லென்ஸ் போதும். அதிலும் 18 மி.மீ. பக்கம் போகாமல் 35 மி.மீ.-இலேயே எடுப்பது நல்லது.

வானத்துப் பட்டைகளை முதலில் பார்ப்போம். தானியங்கி முறையில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒளியை அளக்கிறது. சூரியன் பக்கம் திரும்பும்போது வெளிச்சத்தைக் கண்டு படத்தை இருட்டாக்கும். பள்ளத்தாக்கின் நிழல் பக்கம் திரும்பும்போது வெளுப்பாக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஆறு படங்களும் நன்றாகவே இருக்கும்; அடுத்தடுத்து வைத்தால்தான் ஒன்று மற்றொன்றுடன் ஒட்டாது. ஆகவே அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறைக்கு மாறிவிடுங்கள். எடுக்கப் போகும் பரப்பு முழுவதையும் ஒருமுறை கேமரா வழியே பார்த்து, சூரியனை விட்டுவிட்டு மற்ற வானத்தில் மிக வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகாத அளவுக்கு ஷட்டரை வையுங்கள். லென்ஸின் துளை (அபெர்ச்சர்) எஃப் 8, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/500 நொடி என்பது போல ஓர் அளவு கிடைக்கும். அதன் பிறகு கடைசிப் படம் வரை அதைத் தொடக்கூடாது. நிறச்சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸையும் 'வெயில்' என்பது போன்ற ஏதாவது ஒன்றில் நிறுத்திவிடுங்கள். குவியத்தை ஒருமுறை தொலைவு மலையில் பிடித்துவிட்டு, ஆட்டோஃபோகஸை அணைத்துவிட வேண்டும். சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிழல் பகுதியைப் பிற்பாடு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திருத்தத்தை எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவில் செய்ய வேண்டும்.

போலரைசரைக் கழற்றி உறைக்குள் போட்டுவிடுங்கள். சூரியனுக்குச் செங்கோணமாக உள்ள வானப்பகுதியில்தான் அது மிகுதியாக வேலை செய்யும். சூரியனை நெருங்கும்போதும் அதற்கு நேரெதிர்த் திசையிலும் அதன் வேலை மங்கிவிடும். ஒரே படத்தில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். 120 பாகை, 150 பாகை என்று வானம் விரியும்போது ஓரிடத்தில் மட்டும் கருநீலத் திட்டு விழுந்து, பிற்பாடு எந்த மென்பொருளாலும் சரியாக்க முடியாத நிலை வந்துவிடும். பட்டைகள் ஒரே சீரான இடைவெளியில் இருந்தனவா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால், 18 மி.மீ.-இல் லென்ஸின் ஓரங்கள் இருண்டு விழுவதும் ஒரு காரணம். 35 மி.மீ., எஃப் 8 என்று வைத்தாலே அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடிவானம் வானவில்லாக வளைந்து முனைகள் தொங்கின என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? பள்ளத்தாக்கு நிறையத் தெரிய வேண்டும் என்று கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மேல்நோக்கிச் சாய்த்திருந்தால் முனைகள் மேலே எழும்பியிருக்கும். சாய்ந்த கேமராவைச் சுழற்றும்போது படங்கள் பனையோலை விசிறியின் மடிப்புகளைப் போல விரிகின்றன. மென்பொருள் அந்தச் சாய்வைச் சரியாகக் கணிக்காவிட்டால், விசிறியின் வளைவு அப்படியே அடிவானத்துக்கு வந்துவிடும். கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டு, நெட்டுவாக்கில் திருப்பிப் பிடியுங்கள். அப்போது மேலும் கீழும் தாராளமாக இடம் கிடைக்கும். வேண்டாத வானத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

டிரைபாட் கொண்டுபோனால் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பந்துத் தலை உள்ள டிரைபாடில் சுழலும் பகுதி பந்துக்குக் கீழே இருக்கிறது. கேமராவின் மேல் உள்ள ரசமட்டத்தைப் பார்த்துப் பந்தைச் சரிசெய்துவிட்டு, கால்கள் கோணலாக இருப்பதை அப்படியே விட்டுவிட்டால், முதல் படம் மட்டும்தான் மட்டமாக இருக்கும். திருப்பத் திருப்ப அடிவானம் சரிந்துகொண்டே போகும். ஆகவே முதலில் கால்களை நீட்டியும் குறைத்தும் அடிப்பகுதியை மட்டமாக்கிவிட்டு, அதன் பிறகுதான் பந்துக்கு வர வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் நான் செய்த தவறு இது. படங்களை இணைத்த பிறகு அடிவானம் மாடிப்படி போல இறங்கிப் போனதைப் பார்த்து, கேமராவின் ரசமட்டம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி எத்தனை படங்கள் என்ற கணக்கு. உங்கள் சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. இருக்கும். 35 மி.மீ. லென்ஸில், நெட்டுவாக்கில் பிடித்தால், ஒரு படம் அகலத்தில் சுமார் 25 பாகையைப் பிடிக்கும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் 16 அல்லது 17 பாகை திரும்பலாம். 120 பாகைக்கு ஏழு படங்கள் போதும். பாகையை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கையை முழுவதும் நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. எனவே ஒன்றரை முஷ்டி திரும்பினால் சரியாக இருக்கும். அதைவிட எளிய வழி, திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து, வலப்பக்கக் கோட்டின் மேல் இருக்கும் மரத்தையோ பாறையையோ குறித்துக்கொண்டு, அது இடது விளிம்புக்கு வரும் வரை திருப்புவது. ஏழு படங்களும் சேர்ந்தால் அகலம் சுமார் 20,000 பிக்சல் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டாலும் ஏறத்தாழ ஐந்தரை அடி நீளும் படம் அது. இன்னும் அகலமான லென்ஸ் எதற்கு என்று இப்போது உங்களுக்கே தோன்றும்.

கம்பி முறிந்த விஷயத்துக்குக் கடைசியாக வருகிறேன், ஏனெனில் பனோரமாவின் நுட்பம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு ஒரு சாண் முன்னால் ஒரு விரலை நிறுத்துங்கள். அதன் பின்னால் தொலைவில் ஒரு விளக்குக் கம்பமோ சன்னல் சட்டமோ தெரியட்டும். இப்போது கழுத்தைத் திருப்பினால் விரல் அந்தக் கம்பத்தைவிட்டு நகர்வது போலத் தெரியும். கழுத்து திரும்பும்போது கண்ணும் இடம் மாறிவிடுவதே காரணம். கையை நீட்டிக் கேமராவைப் பிடித்தபடி உடம்போடு திரும்பும்போது நடப்பதும் இதுதான். சுழலும் மையம் உங்கள் முதுகெலும்பில் இருக்கிறது; லென்ஸோ ஒன்றரை அடி தள்ளி, வட்டமடித்துக்கொண்டு வருகிறது. மலைகள் பல கி.மீ. தொலைவில் இருப்பதால் அந்த இடப்பெயர்ச்சி அவற்றில் தெரிவதில்லை. இரண்டடியில் உள்ள கம்பியில் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தால் உள்ளே அபெர்ச்சர் துளை எந்த ஆழத்தில் இருப்பது போலத் தோன்றுகிறதோ, அந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழற்றினால் கம்பி முறியாது. பனோரமா ஹெட் செய்யும் வேலை இவ்வளவுதான். முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் எதுவும் இல்லாத காட்சிக்கு அது தேவையே இல்லை.

அருகில் பொருள் இருந்தால் நான் கையாளும் வழி, கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு. லென்ஸ் குழலைச் சுற்றி, அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, அதிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிடுவேன். தரையில் ஒரு நாணயத்தை வைத்து, குண்டின் முனை அதற்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி பிடித்துக்கொண்டு, நாணயத்தைச் சுற்றி நான்தான் நடப்பேன். கேமரா தன் இடத்தைவிட்டு அசையாது. காட்சிமுனையில் கூடி நிற்பவர்கள் ஏதோ வாஸ்து பார்க்க வந்தவர் என்று நினைப்பார்கள். பொருட்படுத்த வேண்டாம்.

இன்னொன்று. ஒவ்வொரு வரிசையைத் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் உங்கள் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நூற்றைம்பது மலைப் படங்களைக் கொட்டிவைத்துக்கொண்டு, எந்த ஏழு படங்கள் எந்த வரிசை என்று தேடும் துன்பத்தை அந்த இரண்டு உள்ளங்கைகள் தீர்த்துவிடும்.


கைப்பேசிப் பயணி (பதில்):

மேலே உள்ள பதிலில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் கைப்பேசிக்கும் பொருந்தும் என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். குடும்பத்துடன் போகும்போது டிரைபாடை விரித்து ரசமட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தைகளும் வீட்டுப் பெரியவர்களும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது என் சொந்த அனுபவம்.

கைப்பேசியின் பனோரமா முறை தனித்தனிப் படங்களை ஒட்டுவதில்லை. நீங்கள் திரும்பத் திரும்ப மெல்லிய செங்குத்துக் கீற்றுகளாக எடுத்து அவற்றை அடுக்கிக்கொண்டே போகிறது. அதனால்தான் நாம் திரும்பும் திசையிலேயே நடந்து போகிறவர் படத்தில் நீண்டு, ரயில்பெட்டி போல ஆகிவிடுகிறார். எதிர்த் திசையில் வருகிறவர் ஒடுங்கிக் குச்சியாகிவிடுகிறார். ஆள் நடமாட்டம் ஓயும் வரை காத்திருப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது. தொடங்கும் முன்பு, நடுத்தர வெளிச்சமுள்ள ஓரிடத்தில் திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட வேண்டும். எல்லாக் கைப்பேசியிலும் பனோரமா முறையில் இது வேலை செய்யும் என்று எதிர்பார்க்காமல், உங்களுடையதில் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

நிற்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பலரும் தொடங்கும் திசையைப் பார்த்துக் கால்களை ஊன்றிவிட்டு அங்கிருந்து திரும்பத் தொடங்குகிறார்கள். பாதி வழியில் இடுப்பு முறுக்கிக்கொண்டு கைகள் நடுங்கத் தொடங்கும். காட்சியின் நடுப்பகுதியை நோக்கிக் கால்களை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் இடப்பக்கம் முறுக்கித் தொடங்கினால், முறுக்கு தானாக அவிழ்ந்து நடுவுக்கு வந்து, வலப்பக்கம் அதே அளவு போய் நிற்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். கைகளை நீட்டாமல் இருந்தால் கைப்பேசி வட்டமடிக்கும் தொலைவும் குறைகிறது, ஆகவே அருகில் உள்ள பொருட்கள் முறிவதும் குறைகிறது.


பழைய பெட்டி (பதில்):

முன்னவர்கள் சொன்ன செய்முறையில் எனக்குக் கருத்து வேறுபாடு ஒன்றுமில்லை. ஆனால் கேள்வியாளர் தொடங்கிய இடத்திலேயே எனக்கு ஒரு தடை உண்டு. 'அத்தனையும் ஒரே படத்தில் அடங்க வேண்டும்' என்ற ஆசையால்தான் பெரும்பாலான பனோரமாக்கள் கெட்டுப்போகின்றன. கண் ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் கூர்ந்து பார்க்கிறது, கழுத்தைத் திருப்பித் திருப்பி மீதியைச் சேர்த்துக்கொள்கிறது. 180 பாகையைச் சுருக்கி ஒரு முழ நீளத் தாளில் அச்சிட்டால், ரங்கசாமி சிகரம் ஒரு கடுகளவு மேடாகவும், பவானிசாகர் ஒரு வெள்ளிக் கோடாகவும் ஆகிவிடும். நடுவில் இருப்பதெல்லாம் வெறும் பச்சை. அந்த இடத்தில் நின்றவருக்கு அது நினைவைக் கிளறும், மற்றவருக்கு அதில் பார்க்க எதுவும் இராது.

பனோரமா என்றால் அகலமான கோணம் என்று பொருளல்ல, நீளமான சட்டகம் என்றுதான் நான் கொள்கிறேன். ஹாசல்பிளாட், ஃபியூஜி நிறுவனங்கள் இணைந்து 1998-இல் கொண்டுவந்த எக்ஸ்பான் கேமரா, சாதாரண 35 மி.மீ. பிலிமில் 24 × 65 மி.மீ. சட்டகம் எடுக்கும். அதில் 45 மி.மீ., 90 மி.மீ. லென்ஸ்களை மாட்டி எடுத்தவர்கள் பள்ளத்தாக்கு முழுவதையும் பிடிக்க முயலவில்லை. அதில் ஒரு கீற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்களிடம் நெடுந்தூர லென்ஸ் ஒன்று இருந்தால், அல்லது நண்பரிடம் ஒருநாள் இரவல் கிடைத்தால், 135 மி.மீ.-இல் நெட்டுவாக்கில் ஐந்து படங்கள் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 25 பாகைதான் வரும். மாயாற்றின் ஒரு வளைவும் அதையொட்டிய தெங்குமரஹாடாவின் வயல்களும் மட்டும் அதில் நின்றால், அந்த ஊருக்குப் பரிசலில் ஆற்றைக் கடந்து போகிறவர்களின் உலகம் எவ்வளவு தனித்தது என்பது படத்தைப் பார்க்கிறவருக்குப் புலப்படக்கூடும்.

காலை நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோடநாடு நீலகிரியின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. காலையில் சூரியன் உங்கள் காட்சியின் நடுவிலேயே நிற்கும். எந்த ஒளியளவை வைத்தாலும் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுக்கும். பிற்பகலில் போனால் வெயில் முதுகுப் பக்கமிருந்து பள்ளத்தாக்கின் மேல் விழும். மாலை ஏற ஏற நாம் நிற்கும் மலையின் நிழலே பள்ளத்தாக்கின் மேல் நீண்டுகொண்டு போவதால், அதற்கு முன் எடுத்து முடித்துவிட வேண்டும்.

கேமராவைச் சுழற்றுவது பற்றி மேலே விரிவாகப் பேசப்பட்டதால், சுழற்றாமல் நகர்த்தி எடுத்த ஒரு பனோரமா நினைவுக்கு வருகிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 1858-இல் படமெடுத்தார். கேமராவைச் சுவரையொட்டி இடம் மாற்றி மாற்றி வைத்து எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கேமரா நகர்ந்தால் அருகிலுள்ளது முறியும் என்ற விதி அங்கே ஏன் தடுக்கவில்லை என்றால், எடுக்கப்பட்டது ஏறக்குறையத் தட்டையான சுவர். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பொருட்கள் இருந்தால்தானே அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும்? உங்கள் ஊரில் நீண்ட கோயில் மதிலோ அக்கிரகாரத் தெருவின் ஒரு சாரியோ இருந்தால், அந்த முறையையும் ஒருநாள் முயன்று பார்க்கலாம். வீடுகளில் முன்னே நீண்ட திண்ணைத் தூண்கள் இருந்தால் மட்டும் தொல்லை வரும்.


மலைவிளிம்பு (கேள்வியாளர்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொங்கல் வரை பொறுக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு மொட்டைமாடியிலேயே சோதித்துப் பார்த்தேன். அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், தொலைவில் கைப்பேசிக் கோபுரம், இவற்றுக்கு முன்னால் எங்கள் மாடியின் கைப்பிடிக் கம்பி என்று கோடநாட்டின் நிலவரம் அப்படியே அமைந்துவிட்டது.

முதலில் பழைய முறையிலேயே, உடம்போடு திரும்பி ஏழு படங்கள் எடுத்தேன். கம்பி முன்பு போலவே முறிந்தது. பிறகு தூக்குக்குண்டுக்குப் பதிலாக, தையல் நூலில் ஒரு பூட்டைக் கட்டி லென்ஸிலிருந்து தொங்கவிட்டு, தரையில் ஐந்து ரூபாய் நாணயத்தின் மேல் அது நிற்கும்படி பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். காற்றில் பூட்டு ஊசலாடியதால் ஒவ்வொரு படத்துக்கும் அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் மகள் கீழே உட்கார்ந்து 'இப்போது சரி' என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணினியில் சேர்த்தபோது, கம்பி ஓரிடத்தில்கூட முறியவில்லை. வானமும் ஒரே சீராக வந்திருந்தது. இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது ஒரே ஒரு குறை எஞ்சியிருக்கிறது. அடிவானம் நேராக இருக்கிறது, தொட்டியும் கோபுரமும் செங்குத்தாக நிற்கின்றன. ஆனால் நேரான கைப்பிடிக் கம்பி மட்டும் நடுவில் தொங்கி, இரு முனைகளிலும் அடிவானத்தை நோக்கி ஏறிப்போகிறது, கொடிக்கயிற்றில் ஈரத்துணி போட்டது போல. கேமராவை மட்டமாகத்தான் வைத்திருந்தேன். நான் பயன்படுத்துவது ஹியூகின் என்ற இலவச மென்பொருள். இதுவும் எடுத்த முறையின் தவறா?


முக்காலி (பதில்):

பூட்டு நல்ல யோசனை. ஆனால் இன்னும் கனமானதாக இருந்தால் காற்றில் ஆடாது.

இந்தக் குறை உங்களுடையது அல்ல. உருண்டையாக நம்மைச் சூழ்ந்திருக்கும் காட்சியைத் தட்டையான தாளில் விரிப்பதால் வரும் விளைவு அது. நெல் கொட்டிவைக்கும் பெரிய குதிருக்குள் நீங்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் காட்சியை அதன் உட்சுவரில் அப்படியே வரைந்துவிட்டு, அந்தக் குதிரின் சுவரைச் செங்குத்தாக ஓரிடத்தில் வெட்டி, விரித்துத் தரையில் போடுகிறீர்கள். செங்குத்துக் கோடுகள் நேராகவே இருக்கும், கண்மட்டத்தில் உள்ள அடிவானமும் நேராகவே இருக்கும். கண்மட்டத்துக்குக் கீழேயோ மேலேயோ குறுக்காக ஓடும் நேர்கோடு மட்டும் வளையும். கம்பியின் நடுப்பகுதி உங்களுக்கு மிக அருகில் இருப்பதால் அடிவானத்திலிருந்து வெகுவாகக் கீழே விழுகிறது. முனைகள் விலகிப் போகப் போக அடிவானத்தை நெருங்குகின்றன. இப்படித் தட்டையாக விரிக்கும் முறைக்கு வீழல் என்று பெயர். மென்பொருளில் உருளை வீழல் (சிலிண்டிரிகல்) என்று பொருள்படும் தேர்வு இதைத்தான் செய்கிறது.

நேர்கோடுகளை நேராகவே வைத்திருக்கும் நேர்கோட்டு வீழல் (ரெக்டிலீனியர்) என்ற தேர்வும் ஹியூகினில் உண்டு. அதை மாற்றிப் பாருங்கள், கம்பி நிமிர்ந்துவிடும். ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உடனே தெரியும். ஓரத்தில் உள்ளவை பக்கவாட்டில் இழுபடும். மொத்தக் கோணம் 90 பாகை என்றால், விளிம்பில் உள்ள பொருள் நடுவில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு அகலமாக நீளும். 120 பாகை என்றால் நான்கு மடங்கு. உங்கள் தென்னை மரம் ஓரத்தில் இருந்தால் ஆலமரமாகிவிடும். ஆகவே 90 பாகைக்குள் இருக்கும் படத்துக்கும், கட்டடங்கள் நிறைந்த படத்துக்கும் நேர்கோட்டு வீழல். அதற்கு மேல் விரியும் மலைக்காட்சிக்கு உருளை வீழல் என்று வைத்துக்கொள்ளலாம். மலை, மேகம், ஆறு இவற்றில் நேர்கோடு எங்கே இருக்கிறது? வளைவு யாருக்கும் தெரியப் போவதில்லை.

தடுப்புக் கம்பியை விட்டுவிட முடிந்தால் அதுவே சிறந்த தீர்வு. கம்பிக்கு மேலே லென்ஸ் வரும்படி டிரைபாடைக் கொஞ்சம் உயர்த்தினாலோ, கம்பியையொட்டி நின்று எடுத்தாலோ அது சட்டகத்துக்குள் வராது. கம்பிக்கு அப்பால் கேமராவை நீட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்; தவிர்க்க முடியாவிட்டால் கேமராவின் வார் கழுத்தில் இருக்கட்டும்.

ஹியூகினைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அது இரண்டு படங்களிலும் உள்ள ஒரே பாறைமுனை, ஒரே மரத்தலை போன்றவற்றைத் தானாகத் தேடி, இணைப்புப் புள்ளிகளாக வைத்துக்கொண்டுதான் படங்களைப் பொருத்துகிறது. நகரும் மேகத்திலும், காற்றில் ஆடும் தேயிலைச் செடியிலும், பறக்கும் துணியிலும் அது புள்ளி வைத்திருந்தால் பொருத்தம் கெடும். அவற்றைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டு மீண்டும் கணக்கிடச் சொல்லுங்கள். ரா கோப்புகள் ஏழையும் ஒரேயடியாக ஏற்றிக் கணினியைத் திணறடிக்காமல், முதலில் சிறிய ஜேபெக் பிரதிகளை வைத்து எல்லாம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.


பழைய பெட்டி (பதில்):

மேலே உள்ளதற்கு ஒரு சிறு சேர்க்கை. மேகம் வேகமாக ஓடும் நாளில் ஒவ்வொரு படத்துக்கும் இடையே அதிக நேரம் விடாதீர்கள். ஏழு படங்களையும் பத்துப் பன்னிரண்டு நொடிகளில் முடித்துவிட வேண்டும். பூட்டு அடங்கும் வரை காத்திருக்கும் முறை மொட்டைமாடிக்குச் சரி, மலைவிளிம்பில் காற்று அடங்கவே அடங்காது. அங்கே அருகில் எதுவும் இல்லாதபடி இடம் பார்த்து நின்றுகொண்டு, நூலையும் பூட்டையும் பையிலேயே விட்டுவிடுங்கள்.


மலைவிளிம்பு (கேள்வியாளர்):

நேர்கோட்டு வீழலுக்கு மாற்றியவுடன் கம்பி நிமிர்ந்துவிட்டது. சொன்னது போலவே ஓரத்துத் தென்னையும் பருத்துவிட்டது. இரு பக்கமும் ஒவ்வொரு படத்தை நீக்கிவிட்டு ஐந்து படங்களை மட்டும் சேர்த்தபோது இரண்டும் சரியாக வந்தன. பொங்கலுக்குக் கோடநாட்டில் பிற்பகலில் 35 மி.மீ.-இல் ஒரு வரிசையும், இரவல் கிடைத்தால் 135 மி.மீ.-இல் ஒரு வரிசையும் எடுத்துவிட்டு, இரண்டையும் இங்கே இடுகிறேன். போலரைசர் வீட்டிலேயே இருக்கும்.